சிரிப்புக்குப் பின்னிருந்த பலகை

கண்கண்ட தெய்வமென்று கைகூப்பப்படும் ஞாயிறு அன்று காலையும் எக்குறையுமின்றித்தான் எழுந்தது. அதன் மேனியில் இரண்டு நாள் முன்னர் ஒரு கொந்தளிப்பு மூண்டு வெடித்ததையும், அதிலிருந்து சிதறிய மின்துகள் வெள்ளம் வெட்டவெளியைக் கடந்து பூமியின் மேற்காற்றைக் கலக்கிக்கொண்டிருந்ததையும் வெறுங்கண்ணால் ஒருவரும் கண்டிலர். ஆயினும் வீட்டுக்கு வீடு ஏதோ ஒன்று முரண்டு பிடித்தது. தொலைதூர வானொலி வெறும் இரைச்சலை இறைத்தது. விமானங்கள் கிளம்ப மறுத்தன. விளக்குகள் இருமுறை கண் சிமிட்டி அடங்கின. துறைமுகத்துக்குப் போக அவள் அழைத்த வாடகைக் கார் வந்தபாடில்லை. கைப்பேசியின் வரைபடத்தில் அவள் கடலுக்குள் நின்றுகொண்டிருந்தாள்.

அவள் துறைமுகத்தின் வழிகாட்டி; கப்பல்காரர்கள் 'பைலட்' என்பார்கள். வெளியூர்க் கப்பலின் தலைவனுக்குக் கடல் தெரியும். இந்தத் துறையின் பாறை தெரியாது. ஆகவே கப்பல் வாயிலை நெருங்குமுன் அவள் படகில் சென்று அதில் ஏறி, பாறைகளுக்கு நடுவே செல்லும் குறுகிய கால்வாய் வழியே அதைக் கரைக்குக் கொண்டுவருவாள்.

"சூரியப் புயலாம். செயற்கைக்கோளை நம்பி இடம் காட்டுற கருவியெல்லாம் தப்பாக் காட்டலாம்னு ஆபீஸ்ல இருந்து சேதி வந்திருக்கு" என்றாள், காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த கணவனிடம்.

"சூரியன்ல புயலா? அப்ப நான் குடை எடுத்துட்டுப் போறதா, விசிறி எடுத்துட்டுப் போறதா?"

"நாக்கை வீட்டுலயே வச்சிட்டுப் போங்க. அது போதும்."

கணவன் விளம்பரத் தட்டி கட்டுபவன். உரையாடல் எங்கே போகிறதென்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. தட்டில் கண்ணை நட்டான்.

துறையின் முகப்பில், நீரோரத் தூண் ஒன்றில் வெள்ளைப் பலகையும், அதற்குப் பின்னே குன்றின்மேல் உயர்ந்த கோபுரத்தில் சிவப்புப் பலகையும் நின்றன. கடலிலிருந்து பார்க்கையில் வெள்ளைக்கு நேர்மேலே சிவப்பு நின்றால் கப்பல் கால்வாயின் நடுவில் செல்கிறதென்று பொருள். சிவப்பு இடப்புறம் நகர்ந்து தெரிந்தால் கப்பல் இடப்புறம் விலகிவிட்டது. வலப்புறம் தெரிந்தால் வலப்புறம். அவ்வளவே கணக்கு. அவள் விடுப்பிலிருந்த வாரத்தில்தான் துறைமுக அதிகாரி அந்தக் கோபுரத்தைப் பற்பசைக் கம்பெனி ஒன்றுக்கு வாடகைக்கு விட்டார். 'எல்லாரும் திரையைப் பார்த்துத்தானே ஓட்டுறாங்க, பலகையை யார் பாக்குறா?' என்பது அவர் வாதம். வாய் நிறையப் பல்லைக் காட்டிச் சிரிக்கும் ஒரு மாபெரும் முகம் சிவப்புப் பலகையை மறைத்து எழுந்தது. கட்டியவன் அவள் கணவன்.

"இன்னைக்கு ஒரு நாளாவது அதைச் சுருட்டி வைங்க."

"தட்டியைக் கழட்டினா கம்பெனிக்காரன் என் தலையைக் கழட்டுவான். ஏன் பயப்படுற? உனக்காகவே அளந்து மாட்டியிருக்கேன். நடுப்பல்லுக்கு வலது பக்கம் மூணாவது பல்லு இருக்கில்ல, அதுக்கு நேர் பின்னாடிதான் உன் பலகை. பல்லைப் பார்த்துக் கப்பலை ஓட்டு."

"நீங்க அளந்து மாட்டின குளியலறைக் கதவை இன்னைக்கு வரைக்கும் சாத்த முடியலை."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

துறைமுகத்தில் அதிகாரி அவளுக்காகக் காத்திருந்தார். வெளியே எரிபொருள் நிறைந்த கப்பல் ஒன்று நின்றது. கடலேற்றம் உள்ளபோது மட்டுமே அதன் அடிவயிறு கால்வாயைக் கடக்கும். "சேதியில 'தப்பாக் காட்டலாம்'னுதான் போட்டிருக்கு, 'காட்டும்'னு போடலையே. ஏறும்போது திரை சரியா இருந்தா கொண்டுவந்துடுங்க" என்றார்.

ஏறும்போது சரியாகத்தான் இருந்தது. கால்வாயின் வாயிலில் கிடந்த ஒற்றை மிதவையோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். திரை இம்மியும் பிசகவில்லை. உள்ளே மிதவைகள் கிடையா; நீரோட்டம் அவற்றை நிலைக்க விடுவதில்லை. கப்பல் நுழைந்தது. இனி அதைத் திருப்ப இடமில்லை. நிறுத்தினால் நீரோட்டம் இடப்புறப் பாறைக்கு இழுத்துச் செல்லும். வந்த வழி அடைபட்டது, போகும் வழி ஒன்றே.

அப்போது திரையிலிருந்த கப்பல் ஒரு துள்ளுத் துள்ளி வலப்புறம் போய் நின்றது.

கப்பல் தலைவர் நரைத்த மீசைக்காரர். "பைலட் மேடம், வலது பக்கம் ஒதுங்கிட்டோம். இடது பக்கம் திருப்பச் சொல்லுங்க."

"ஒரு நொடிக்கு முன்னாடி நடுவுல இருந்தோம். இவ்வளவு பெரிய கப்பல் என்ன தவளையா, தாவுறதுக்கு? வேகத்தைக் குறைங்க. நேராப் பிடி."

"நேராப் பிடிச்சிருக்கேன்" என்று சுக்கான் பிடிப்பவன் ஆணையைத் திருப்பிச் சொன்னான். அவன் கண்மட்டும் இருவரிடையே ஊசலாடியது.

அவள் தொலைநோக்கியை எடுத்தாள். கீழே வெள்ளைப் பலகை. மேலே குன்றை அடைத்த சிரிப்பு. நடுப்பல்லிலிருந்து வலப்புறம் எண்ணினாள். மூன்றாம் பல் வெள்ளைப் பலகைக்கு வலப்புறம் தள்ளி நின்றது. பல்லை நம்பினால் கப்பல் வலப்புறம் ஒதுங்கியிருக்கிறது; இடப்புறம் திருப்ப வேண்டும். திரை சொல்வதும் அதுவே.

இரண்டு சாட்சிகள் ஒன்றுபோல் சொல்கையில் நெஞ்சு தானே சாயும். அவள் நெஞ்சும் சாயப் பார்த்தது. ஆனால் ஒரு சாட்சி சூரியனின் வெறியில் உளறுகிறது. மற்றது தன் வீட்டுக்காரரின் கேலி. குருடனுக்குக் குருடன் கோல் பிடித்தால் இருவரும் ஒரே பள்ளத்தில்தான் விழுவர். நீரோட்டம் இழுப்பதோ இடப்புறம். பலகையைக் கண்ணால் காணாமல் சுக்கானை அசைப்பதில்லை என்று அவள் முடிவு செய்தாள்.

கோபுரத்தின் அருகிலேயே துறைமுகத்தின் சைகை நிலையம் இருந்தது. கிட்டத்துத் தொடர்புக்கான சிறு வானொலியைப் புயல் தீண்டவில்லை. நிலையக் காவலரை ஊரே 'இடிக்குரலார்' என்றழைக்கும்; வானொலியின்றிப் பேசினாலும் பாதித் துறைக்குக் கேட்கும்.

"அண்ணே, என் வீட்டுக்காரர் அங்க இருக்காரா?"

"கயிறு தளர்ந்திருச்சுன்னு ஏணியில தொங்கிட்டிருக்காரு தங்கச்சி. சாப்பாட்டுக்கு ஏதாவது வாங்கிட்டு வரச் சொல்லணுமா?"

"பல்லைப் பத்திக் கேளுங்க. மூணாவது பல்லுக்குப் பின்னாடி பலகை இருக்கறதை அவர் கண்ணால பார்த்தாரான்னு கேளுங்க."

"பல்லா?" என்றார் கப்பல் தலைவர்.

வானொலி வழியே குன்று அதிர்ந்தது. "மாப்ளே! உங்க சம்சாரம் கேக்குது! மூணாவது பல்லா, இல்லையா?" பிறகு குரல் தணிந்தது. "தங்கச்சி, கோவிச்சுக்காதே. சும்மா சொன்னேங்கறாரு."

"அறுக்கச் சொல்லுங்க."

"எதை?"

"தட்டியை. எங்க பலகை இருக்கோ அங்க கை வச்சுத் தடவிப் பார்த்து, அந்த இடத்தை அறுத்துத் தள்ளச் சொல்லுங்க. இப்பவே."

மீண்டும் இடி. "கம்பெனிக்காரன் சும்மா விடமாட்டான்னு யோசிக்கிறாரு."

"கதவு சாத்தாத வீட்டுல பத்து வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன். இன்னைக்கு அவர் எதையும் அளக்க வேண்டாம், அறுத்தாப் போதும்னு சொல்லுங்க. வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு நிக்கிற கப்பல் இது. பாறையில தட்டினா நாங்க மட்டும் போகமாட்டோம், துறையே போயிடும்."

கப்பல் தலைவர் திரைக்கும் சன்னலுக்கும் நடுவே வந்து நின்றார். "மேடம், கப்பல் என் பொறுப்பு. இதுக்கு மேல என்னால காத்திருக்க முடியாது. திரை தெளிவாச் சொல்லுது. இடது பக்கம்..."

"கப்பல் உங்க பொறுப்புதான். உங்க வார்த்தைதான் கடைசி வார்த்தை, நான் மறுக்கலை. ஆனா இந்தப் பாறையோட பழகினவ நான். இடது பக்கம் திருப்பிட்டுத் தப்புன்னு தெரிஞ்சா, திரும்பி வர வழி கிடையாது. நேராப் போனா இன்னும் கொஞ்சம் தண்ணி இருக்கு. அந்தக் கொஞ்சத்தை எனக்குக் கொடுங்க."

அவர் ஓரடி பின்வாங்கிச் சன்னலை அவளுக்கு விட்டார். சுக்கான் பிடிப்பவன் நேராகவே பிடித்திருந்தான்.

தொலைநோக்கியில் ஏணிமேல் ஒரு சிற்றுருவம் தட்டியைத் தட்டித் தடவி நகர்ந்தது. மூன்றாம் பல்லைத் தொட்டது, நிற்கவில்லை. இரண்டாம் பல்லைத் தாண்டியது. நடுப்பல்லை ஒட்டிய முதற்பல்லில் கை நின்றது, கத்தி மின்னியது. துணி கிழிந்து நாக்குப்போல் தொங்கிற்று. பிறகு அதுவும் அறுபட்டுக் காற்றோடு போயிற்று.

பல் போன பொந்தில் சிவப்பு எரிந்தது. வெள்ளைப் பலகைக்கு நேர்மேலே அல்ல, அதற்கு இடப்புறம்.

"வலது பத்து" என்றாள்; சுக்கானை வலப்புறம் பத்துப் பாகை திருப்பும் ஆணை அது.

சுக்கான் பிடிப்பவன் தலைவரைப் பார்த்தான். தலைவர் அவள் கையிலிருந்து தொலைநோக்கியை வாங்கி ஒருமுறை நோக்கினார். "வலது பத்து. காது கேக்கலையா?" என்று அதட்டினார்.

"வலது பத்து!"

பெருங்கலம் உடனே கேட்பதில்லை. யானையைத் திருப்புவதுபோல் அதன் மனம் திரும்பக் காத்திருக்க வேண்டும். மெல்ல மூக்கு நகர்ந்தது. இடப்புறத்தில், திரையின் கணக்குப்படி ஆழமாயிருக்க வேண்டிய இடத்தில், நீர் பச்சையாய்ச் சுழித்து மேலெழுந்தது. அதன் அடியில் பாசி படர்ந்த பாறை முதுகைத் தளத்திலிருந்த அனைவரும் பார்த்தனர். பாறை பின்னே போயிற்று. பொந்திலிருந்த சிவப்பு அங்குலம் அங்குலமாய் நகர்ந்து வெள்ளையின் தலைமேல் வந்து நின்றது.

"நேராப் பிடி."

தலைவர் தம் தொப்பியைக் கழற்றி, இன்னும் துள்ளிக்கொண்டிருந்த திரையின்மேல் கவிழ்த்தார்.

கப்பலைக் கரையில் கட்டியதும் அவள் மிதப்புச் சட்டையைக்கூடக் கழற்றாமல் குன்றேறினாள். கணவன் ஏணியடியில் நின்றான். கையில் கத்தி, முகத்தில் அசடு.

"ரெண்டு பல்லுதானே தப்பு" என்றான்.

"ரெண்டு பல்லுன்னா ஒரு கப்பல்."

அவன் தலை கவிழ்ந்தது. அவள் அவன் கையைப் பிடித்துப் பார்த்தாள். கத்தி பட்ட கீறலில் இரத்தம் உறைந்திருந்தது. தன் கைக்குட்டையால் அதைச் சுற்றிக் கட்டினாள்.

மூச்சிரைக்க அதிகாரி வந்து சேர்ந்தார். "நல்ல வேலை பண்ணினீங்க. அதான் ஓட்டை வழியாத் தெரியுதே, அதோட விட்டுடலாம். கம்பெனியோட ஒப்பந்தம் இருக்கு."

"காத்து இன்னும் பலமா அடிச்சா இந்தத் துணி பலகை மேல விழுந்து மூடும். சூரியப் புயலும் இன்னும் அடங்கலை சார். வெளியே இன்னொரு கப்பல் நிக்குது. தண்ணி வத்தறதுக்குள்ள அதைக் கொண்டு வரணும். பலகை முழுசாத் தெரிஞ்சாத்தான் படகுல ஏறுவேன்."

"பேப்பர்ல எழுதித் தரணும், மேலிடத்துல கேக்கணும்..."

"கேளுங்க. அதுவரைக்கும் இந்தக் கயித்தை ஒரு கை பிடிங்க. அந்தப் பக்கம் இவர் அவுக்குறாரு."

கயிறு கைக்கு வந்துவிட்டது. விட்டால் தட்டி தன் தலையில்தான் விழும் என்பதைக் கண்ட அதிகாரி இறுகப் பிடித்துக்கொண்டார். இடிக்குரலார் சன்னலிலிருந்து, "விட்டுடாதீங்க சார், வாய்க்குள்ள போயிடுவீங்க!" என்று முழங்கினார். முடிச்சுகள் ஒவ்வொன்றாய் அவிழ்ந்தன. முகம் நெற்றியிலிருந்து மடிந்து, கண் மடிந்து, பொக்கைவாய்ச் சிரிப்பும் மடிந்து தரையில் சரிந்தது. கோபுரத்தின்மேல் சிவப்புப் பலகை தனித்து வெயிலில் நின்றது.

"சாயங்காலம் அந்தக் கதவைப் பார்க்கட்டுமா?" என்றான் கணவன்.

"வேற ஆளை வச்சுப் பார்த்துக்கலாம்."

அவள் படிகளில் இறங்கலானாள். பாதி வழியில் வானொலியை வாயருகே கொண்டுபோனாள்.

"அண்ணே, வெளியே நிக்கிற கப்பலுக்குச் சொல்லுங்க. திரையை மூடி வச்சிட்டு, தொலைநோக்கியைத் துடைச்சு வைக்கட்டும். நான் வந்துக்கிட்டு இருக்கேன்."