உலர்ந்தால்தான் பெயர்

ஒரு பூவுக்கு மூன்று லட்சம் யுவான். குன்மிங் பூச்சந்தையில் இதற்குமுன் எவரும் கேட்காத விலை. பூக்கடைக்காரன் ஷென் தெஷுன் அதைக் கேட்டான்; கட்டட முதலாளி பாவ் பேரம் பேசாமலே ஒப்புக்கொண்டுவிட்டார். நான்கு மணிக்குப் பணத்தோடு வருவதாகச் சொல்லியிருந்தார். இப்போது மூன்று நாற்பது. கடையின் பின்னறையில், அந்த இனத்தில் உலகத்திலேயே பூத்திருக்கும் ஒரே ஆர்க்கிட்டின் முன்னால், உலர்தாவரக் காப்பகத்து துவான் மின், செடியை அழுத்திக் காயவைக்கும் பழைய செய்தித்தாள்களையும் இரண்டு மரப்பலகைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளிடம் கொடுப்பதற்கு ஒரு காசும் கிடையாது.

"டீச்சரம்மா, போன மாசமே இந்தச் செடிக்குப் பாவ் பேரு வெச்சுப் புத்தகத்துல வந்திருச்சே. ஊரெல்லாம் விருந்து வெச்சாரு. இனிமே நீங்க என்ன பேரு வெக்கிறது?" என்றான் ஷென்.

"வந்துச்சு, ஆனா செல்லாதுண்ணே. அவர் காசு குடுத்துப் பிடிச்ச பேராசிரியர் வெறும் போட்டோவப் போட்டுட்டாரு. செடியக் காயவெச்சுத் தாள்ல ஒட்டி, இன்ன காப்பகத்துல இருக்குன்னு எழுதினாத்தான் பேரு நிக்கும். தப்பு தெரிஞ்சுதான் இப்பப் பூவ வாங்க ஓடி வர்றாரு."

"அப்ப உசுரோட இருக்கறது கணக்குல வராதா?"

"வராது."

"நல்ல சட்டம். எங்க தொழில்ல செத்த செடி காக்காசு பெறாது."

அவள் சிரிக்கவில்லை. "நான் வெக்கப்போறது லூ சான்பிங் பேரு," என்றாள்.

ஷென் தொட்டியை அரை அங்குலம் தன் பக்கம் நகர்த்தினான். லூ அவனுடைய கூட்டாளி. செங்குத்துப் பாறையில் இந்தச் செடியைக் கண்டுபிடித்தவன். போன ஆடிமழையில், "இன்னும் ரெண்டு கிடைக்குமான்னு பாத்துட்டு வாடா" என்று அனுப்பியது ஷென்தான். கயிறு மட்டும் திரும்பி வந்தது.

"அவன் பேர வெச்சா அவனுக்கு என்ன கிடைக்கும்?"

"ஒண்ணும் கிடைக்காது. ஆனா முறைப்படி முதல்ல வெச்ச பேரு அதுதான்னு ஆயிடும். அப்புறம் பாவ் எத்தனை கோடி கொட்டினாலும் அத எடுக்க முடியாது."

விலை போட்டு எடுக்க முடியாத ஒன்று. முப்பது வருட வியாபாரத்தில் அப்படி ஒரு சரக்கை ஷென் கையில் தொட்டதில்லை. வெளியே காரின் ஹாரன் இரண்டு முறை ஒலித்தது. பாவ் எப்போதுமே கால்மணி முன்னால் வருகிறவர்.

"ஷென்! டேய், எங்கடா போய்த் தொலைஞ்ச?" முன்கடையில் பாவின் குரல்.

ஷென் கத்தரியை எடுத்தான். "எங்க வெட்டணும்?"

"அடியோட."

பூத்தண்டு இரண்டு இலைகளோடு சத்தமில்லாமல் அறுந்து வந்தது. துவான் மின் பூவைத் தாளில் கிடத்தி, ஒரு இதழ் மடங்காமல் விரித்து, பலகையை வைத்து வாரை இறுக்கினாள். திரைச்சீலை விலகி, கையில் தோல்பையோடு பாவ் வாசலில் நின்றார். அவர் கண் தொட்டிக்குப் போனது.

துவான் மின் நிமிராமலே சீட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். கண்டெடுத்தவர்: லூ சான்பிங். தாளில் பூ ஒன்று, இலை இரண்டு. தொட்டியில் இலை மூன்று, பூ இல்லை.