பன்னிரண்டு கட்டில்கள்

அரசு மருத்துவமனையின் லிஃப்ட் ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல் பதினொன்றே காலுக்கு நான்காம் மாடியில் போய் நின்றது. அந்தக் கட்டடத்துக்கு மூன்று மாடிதான். அதற்கு மேல் ஒரு தண்ணீர்த் தொட்டியும் துணி காயப்போடும் கம்பிகளும் மட்டுமே உண்டு. லிஃப்டை ஓட்டியவர் இருபது வருடமாக அதே முக்காலியில் உட்கார்ந்து, அதே பொத்தான்களை அழுத்தி, எந்த வம்புதும்புக்கும் போகாதவர். அன்று அடுத்தடுத்து தும்மல் வந்ததில், மூன்றாம் எண்ணை அழுத்திய கட்டைவிரலை எடுக்க மறந்துவிட்டார், அவ்வளவுதான். கதவு திறந்தபோது ஒரு கூடமும், பன்னிரண்டு கட்டில்களும், சலவை செய்த விரிப்புகளும் தெரிந்தன. ஒரு நர்ஸ் கைகளைத் துடைத்துக்கொண்டே வந்தார். லிஃப்டில் தள்ளுவண்டியில் படுத்திருந்த பள்ளி ஆசிரியர் டாக்டர்கள் கைவிரித்துவிட்ட கேஸ். நர்ஸ் அவரிடம் எங்கே வலிக்கிறது என்று மட்டும் கேட்டார், வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போனார். பதினெட்டு நாள் கழித்து மேலிருந்து மணி அடித்தது. லிஃப்ட்காரர் போனார். ஆசிரியர் தன் காலாலேயே நடந்து வந்து ஏறி, இன்றைய பேப்பர் இருக்கிறதா என்று கேட்டார்.

அதன் பிறகு ஊர் சும்மா இருக்குமா? பொதுப்பணித் துறையிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். கட்டடத்தை வெளியிலிருந்து மூன்று முறை அளந்து, நான்காம் மாடி இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு தன் மூட்டுவலிக்காக லிஃப்டில் ஏறி அங்கேயே ஒன்பது நாள் தங்கினார். எந்த நோய்க்கும் அங்கே விடிவு இருந்தது. காய்ச்சலுக்கு இரண்டு நாள், கல்லீரலுக்கு ஒரு மாதம், இதயத்துக்கு நாற்பது நாளுக்கு மேல். ஒரு கட்டில் காலியானால் மணி ஒரு முறை அடிக்கும், ஒருவரை ஏற்றிக்கொண்டு போகலாம். லிஃப்ட்காரர் முக்காலியில் இருந்தால்தான் லிஃப்ட் அங்கே போகும் என்பதும் சீக்கிரமே தெரிந்துபோயிற்று. ஆனால் லிஃப்டை விட்டு இறங்கக் கூடாது என்பது அவருடைய வேலை விதி. அதனால் அந்த மாடிவரை போனவர்களில் அங்கே கால் வைக்காத ஒரே ஆள் அவர்தான்.

முதல் மூன்று வருடம் முந்தியவருக்கு இடம். முழங்கை பலம் உள்ளவர்கள் முந்தினார்கள், மற்றவர்கள் முனகினார்கள். இரண்டு முறை லிஃப்டின் கதவு பெயர்ந்து வந்த பிறகு, அரசு ஒரு பட்டியல் போட்டது. அதைப் பார்த்துக்கொள்ள டோக்கன் ஜன்னலில் இருந்த அம்மாளை நியமித்தது. அவருக்கு வரிசை என்றால் உயிர். மந்திரியின் மாமனாரையே கடைசியில் போய் நிற்கச் சொன்னவர் அவர், அந்தப் பெரியவரும் நின்றார். ஆனால் வருடத்துக்கு இருநூறு பேர்தான் மேலே போக முடிந்தது, பட்டியலில் சேர்ந்தவர்களோ ஆயிரக்கணக்கில். சாகப்போகிறவர்களின் டோக்கனைப் பிள்ளைகள் உயிலில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். பிறந்த குழந்தைக்குப் பெயர் வைப்பதற்கு முன் டோக்கன் போட்டு வைத்தார்கள். எப்படியும் வயதான காலத்தில் உதவும் என்பது கணக்கு.

லிஃப்ட்காரரின் மச்சினன் மருத்துவமனைக்கு எதிரில் மருந்துக்கடை வைத்திருந்தார். அவருக்கு இந்தப் பட்டியலைக் கண்டாலே எரிச்சல். ஒரு பொருளுக்கு விலை இல்லாவிட்டால் அதைத் தேடுகிறவனுக்குக் கால்கடுப்பும் வைத்திருப்பவனுக்கு அலட்சியமும்தான் மிஞ்சும் என்பது அவர் கட்சி. நோய்க்கு முன்னால் எல்லோரும் ஒன்று, மருத்துவத்துக்கு முன்னால் மட்டும் ஏன் இரண்டாக வேண்டும் என்பது டோக்கன் அம்மாளின் கட்சி. இருவரும் மருந்துக்கடை வாசலில் சாயங்காலம் ஆறு மணிக்குத் தொடங்கி கடை சாத்தும்வரை வாதாடினார்கள். இதைக் கேட்க நாற்பது ஐம்பது பேர் கூடுவார்கள், சிலர் உட்காரப் பாய் கொண்டு வருவார்கள். டோக்கன் அம்மாளுக்கு ஒரு நாள் உடம்பு முடியாமல் வரவில்லை என்றால் மச்சினன் கடையைப் பூட்டிவிட்டு அவர் வீட்டுக்கே போய் வாதாடிவிட்டு வருவார்.

ஆறு வருடம் போனது. பட்டியல் கேலிக்கூத்தாகிவிட்டது என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதியதால் அரசு டெண்டர் விட்டு, நான்காம் மாடியை ஒரு கம்பெனிக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. இல்லாத மாடியை எப்படிக் குத்தகைக்கு விடுவது என்று ஒரு வழக்கு நடந்தது, அது இன்னும் நடக்கிறது. கம்பெனி லிஃப்டுக்குக் கண்ணாடி பதித்தது, மெல்லிசை வைத்தது, லிஃப்ட்காரரை வீட்டுக்கு அனுப்பியது. நான்கு நாள் லிஃப்ட் மூன்றோடு நின்றது. முக்காலியை மட்டும் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார்கள், அதுவும் பலிக்கவில்லை. ஐந்தாம் நாள் ஒரு மேலாளர் காரில் போய் அவரை அழைத்து வந்தார். காலியாகும் கட்டில் ஒவ்வொரு காலையும் ஏலத்துக்கு வந்தது. கூட்டம் குறைந்தது, தாழ்வாரம் துடைத்து வைத்த மாதிரி ஆனது. குணமாவது மட்டும் முன்பு எப்படியோ அப்படியே. மேலே இருந்த நர்ஸ் யார் ஏலத்தில் வந்தது, யார் பட்டியலில் வந்தது என்று ஒருபோதும் கேட்கவில்லை, எங்கே வலிக்கிறது என்றுதான் கேட்டார்.

இந்தக் காலத்தில்தான் லிஃப்ட்காரரின் மனைவிக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடைகள் தைத்துக் கொடுப்பவர். முதலில் மிதிப்பதை நிறுத்தி நிறுத்தித் தைத்தார், பிறகு ஒரு சட்டைக்கு இரண்டு நாள் எடுத்தது. இதயத்தில் ஒரு வால்வு பழுது, இந்த வயதில் கத்தி வைக்க முடியாது என்று கீழே உள்ள டாக்டர்கள் சொன்னார்கள். ஒரு வருடம் ஓடினால் பெரிது என்பதை லிஃப்ட்காரரிடம் தனியாகச் சொன்னார்கள். இத்தனை வருடமாக மற்றவர்களைப் பிழைக்க வைக்கும் மாடிக்கு ஏற்றி இறக்குகிற மனிதர் அவர். அன்று லிஃப்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கதவை மூடிக்கொண்டு அழுதார்.

மச்சினன் தன் அக்காவுக்காகக் கடையை விற்கத் துணிந்தார். ஏலத்துக்குப் போனார், அவர் கேட்ட தொகைக்கு மேல் இன்னொருவர் கேட்டார். அடுத்த வாரம் வீட்டையும் சேர்த்துக் கேட்டார், அப்போதும் ஒருவர் அவரை மிஞ்சிவிட்டார். ஏலம் கேட்ட அந்த மனிதருக்கு என்ன நோய் என்று விசாரித்தார். குறட்டை என்றார்கள். மச்சினன் இரண்டு நாள் வாதாட வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, ஏலம் சரிதான், நடத்தும் விதம்தான் தவறு என்றார். டோக்கன் அம்மாள் அன்றைக்கு அவர் அக்காவின் உடம்பைப் பற்றி மட்டும் விசாரித்தார்.

அந்த வருடமே ஒரு குழு உட்கார்ந்து ஆறு கட்டில் பட்டியலுக்கு, ஆறு கட்டில் ஏலத்துக்கு என்று தீர்ப்புச் சொன்னது. இரண்டு கட்சியும் ஒரே குரலில் அதைத் திட்டின. லிஃப்ட்காரர், வாழ்நாளில் யாரிடமும் எதையும் கேட்டறியாதவர், ஒரு மத்தியானம் டோக்கன் ஜன்னலில் போய் நின்றார். அந்த அம்மாள் பட்டியலைப் புரட்டினார். மனைவியின் எண் ஆறாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு.

"தம்பி, இவங்களுக்கு முன்னால இருக்கிற அத்தனை பேருக்கும் வீட்டுல ஒருத்தர் காத்துக்கிட்டு இருக்காங்க. நான் யாரைப் பின்னால தள்ளட்டும்? நீங்களே விரலை வைங்க, தள்ளிடறேன்."

அவர் விரல் வைக்கவில்லை. கோபப்படக்கூட அவருக்கு வழி இருக்கவில்லை. அன்று டோக்கன் அம்மாள் வழக்கத்தைவிட முன்னதாகவே ஜன்னலைச் சாத்தினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வாதம் லிஃப்ட்காரரின் வீட்டில் நடக்கும். அக்காவைப் பார்க்க மச்சினன் வருவார், டோக்கன் அம்மாள் பழங்களோடு வருவார், ஐந்து நிமிடம் உடம்பைப் பற்றி விசாரித்துவிட்டு இருவரும் ஆரம்பித்துவிடுவார்கள். அன்று மச்சினன், ஆறையும் ஆறையும் ஏலத்துக்குப் பத்தும் பட்டியலுக்கு இரண்டுமாக மாற்றினால் எப்படி என்று ஒரு தாளில் கட்டம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். டோக்கன் அம்மாள் அதே தாளின் பின்பக்கத்தில் இரண்டும் பத்தும் போட்டார். லிஃப்ட்காரரின் மனைவி தலையணையில் சாய்ந்து, பதினொரு வருடமாகக் கேட்ட அதே பேச்சை மறுபடியும் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் கணவரைப் பார்த்துத் திரும்பினார்.

"ஏங்க, அந்தக் கூடத்துல கட்டில் போட்டது போக எடம் இருக்கா?"

"எடமா? கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் காலியாத்தான் கெடக்கு. அந்தப் பக்கச் சுவரை நான் இதுவரைக்கும் பார்த்ததே இல்லை."

பென்சில் நின்றது. மச்சினனும் டோக்கன் அம்மாளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏன் மாமா, இதை இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?"

"யாரும் கேக்கலையே."

மேலே போய்வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், அவர்களும் சொல்லவில்லை. பிழைத்து வந்தவன் கூடத்தின் நீளத்தைப் பற்றி எங்கே பேசப்போகிறான்? கட்டடத்தின் வரைபடத்தில் இல்லாத மாடிக்குக் கட்டில் வாங்க ஒதுக்கீடு கிடைக்காது என்று டோக்கன் அம்மாள் மெதுவாகச் சொன்னார். கம்பெனிக்காவது தோன்றியிருக்க வேண்டாமா என்று அவர் கேட்டபோது, பதின்மூன்றாவது கட்டில் வந்தால் பன்னிரண்டின் ஏலம் என்ன ஆகும் என்பதை யோசித்துப் பார்த்த மச்சினன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு மனைவி ஒரு மடக்குக் கட்டிலோடு லிஃப்ட் வாசலுக்கு வந்தார். கட்டிலை மச்சினன் தூக்கி வந்தார், தலையணையை டோக்கன் அம்மாள் வைத்திருந்தார். காவலாளி டோக்கனா ரசீதா என்று கேட்டார்.

"ரெண்டும் இல்லைங்க. உங்க கட்டில் எதுவும் எனக்கு வேணாம். கட்டில் என்னோடதுதான்."

காவலாளி விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். சொந்தக் கட்டிலோடு வருகிறவரைத் தடுக்க அதில் ஒரு வரியும் இல்லை. விதி இல்லாத இடத்தில் நல்ல மனதைப் பயன்படுத்துவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை, ஒதுங்கி நின்றார். நோயாளி மட்டுமே ஏறலாம் என்பதால் மற்ற இருவரும் கட்டிலையும் தலையணையையும் உள்ளே வைத்துவிட்டுக் கீழே நின்றுகொண்டார்கள். லிஃப்ட்காரர் கட்டைவிரலை மூன்றின் மேல் வைத்து எடுக்காமல் இருந்தார். அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு மணி அடிக்காமல் அவர் மேலே போனது அதுவே முதல் தடவை. போகிற வழியெல்லாம் நர்ஸ் திருப்பி அனுப்பிவிடுவாரோ என்று கவலைப்பட்டார். கதவு திறந்தது. நர்ஸ் வந்து கட்டிலைப் பார்த்தார், பிறகு அவர் மனைவியைப் பார்த்தார்.

"எங்கே வலிக்குது?"

"வலி இல்லைம்மா. மூச்சுதான்."

"சரி, அந்த ஓரமா போடுவோம். காத்து நல்லா வரும்."

கட்டிலின் ஒரு முனையை நர்ஸ் பிடித்தார், மறுமுனையை அவர் மனைவி பிடித்தார். நாலடிக்கு ஒரு முறை நின்று நின்று இருவரும் போனார்கள். லிஃப்ட்காரருக்கு இறங்கிப் போய்த் தூக்க வேண்டும் போல் இருந்தது. ஆனால் அவர் இறங்கினால் லிஃப்டும் மாடியும் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, உள்ளே பன்னிரண்டு பேர் படுத்திருக்கிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு முக்காலியிலேயே இருந்தார்.

குணம் அந்தப் பன்னிரண்டு கட்டில்களில்தான் இருக்கிறது, கண்ட கட்டிலில் படுத்தால் ஆகாது என்று கீழே பெரிய டாக்டர் சொன்னார். கம்பெனியும் அதையே அச்சடித்து ஒட்டியது. ஆனாலும் புதன்கிழமை ஒருவர் கயிற்றுக் கட்டிலோடு வந்தார். வெள்ளிக்கிழமை மூன்று பேர் வந்தார்கள். மாத முடிவில் மேலே எண்பத்தாறு கட்டில்கள். மருந்துக்கடைத் தெருவில் நான்கு கட்டில் கடைகள் திறந்தன. கட்டிலை அரசு இலவசமாகத் தர வேண்டும் என்று டோக்கன் அம்மாளும், கடைக்காரர்கள் போட்டி போட்டால் விலை தானாக இறங்கும் என்று மச்சினனும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பித்தார்கள். அந்த மாதம் கட்டில் விலை பாதியாக இறங்கியது, அதையும் வாங்க முடியாத இருபத்திரண்டு பேருக்கு அரசு கட்டில் கொடுத்தது. இருவரும் தாங்கள்தான் ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டார்கள்.

லிஃப்ட்காரருக்கு இது எதுவும் காதில் ஏறவில்லை. முதலில் கதவு திறக்கும்போதெல்லாம் மனைவி படுத்திருப்பது தெரிந்தது. கட்டில்கள் பெருகப் பெருக மறைந்துவிட்டது. எப்படி இருக்கிறாள் என்று நர்ஸைக் கேட்கலாம்தான். கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயந்து, நாளைக்குக் கேட்போம் என்று தள்ளிக்கொண்டே போனார். நாற்பது நாள் ஆனது, நாற்பத்தைந்து ஆனது. ஒவ்வொரு மணிக்கும் அவள்தானோ என்று மேலே போனார், வேறு யாராவது ஏறினார்கள்.

நாற்பத்தேழாம் நாள் மத்தியானம் அவர் குணமானவர்களை ஒரு லிஃப்ட் நிறைய இறக்கிவிட்டு, கீழ்த்தளத்தில் கதவைத் திறந்து வைத்து, அடுத்த மணிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாடிப்படி இருக்கும் பக்கத்திலிருந்து வந்து யாரோ அவர் தோளைத் தட்டினார்கள். மனைவி கையில் தலையணையோடு நின்றிருந்தார்.

"மணி அடிக்கவே இல்லையே. எப்படி வந்தே?"

"படியிலதான். லிஃப்ட்டுக்குக் கூட்டமா இருந்துச்சு, எத்தனை நேரம் நிக்கிறது?"

"மூணாவது மாடிக்கு மேல படி ஏது?"

"இருக்கே. நாலு மாடிக்கும் சேர்த்து எண்பத்தெட்டு. எண்ணிக்கிட்டே எறங்கினேன்."

அவர் மனைவியின் முகத்தையே பார்த்தார். மூச்சு வாங்கவில்லையா என்று கேட்டார்.

"அட, மறந்தே போச்சுங்க" என்றார் அவர் மனைவி.

லிஃப்ட்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடுத்த வாரம் பெயின்டர் வந்து, மூன்றாம் மாடிப் படிக்கட்டின் சுவரில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி போட்டு, கூட்டமாக இருந்தால் இந்த வழியாகவும் போகலாம் என்று எழுதிவிட்டுப் போனார்.