ஆற்றுக்கு வைக்காத பத்திரிகை

சர்வதேச இளையோர் படகுப் போட்டிக்கு ஒவ்வொரு நாடும் தன் ஆற்றைத் தானே கொண்டுவர வேண்டும் என்பது விதி. நடத்துகிற ஊர் வெறும் மணல் படுகையைக் கூட்டிப் பெருக்கிக் கொடுத்தால் போதும். இந்த ஆவணியில் எங்கள் ஊர் நடத்தியது. நான் இங்கே பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். போட்டிக்குச் செயலாளரும் நான்தான், ஒன்பதாம் கேட்டுக்கு நடுவரும் நான்தான். கேட் என்றால் தண்ணீருக்கு மேல் தொங்கும் இரண்டு கம்புகள். நடுவில் படகு புகுந்து போக வேண்டும். கம்பில் பட்டால் இரண்டு விநாடி கூட்டிவிடுவோம்.

ஸ்லோவேனியாக்காரர்கள் தங்கள் ஆற்றைப் பாய் மாதிரி சுருட்டி எடுத்து வந்தார்கள். ஜப்பான் ஆறு எவர்சில்வர் தூக்கில் வந்தது; ஒரு சொட்டு சிந்தவில்லை. பிரேசில் ஆற்றுக்கு இரண்டு லாரி பிடித்தும் வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் அதில் சிவப்புத் துணி கட்டினோம். விரித்தார்கள், ஓட்டினார்கள், முடிந்ததும் சுருட்டிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

எங்கள் ஆறுதான் வரவில்லை. படுகையைப் பெருக்க வசதியாக மூன்று நாள் முன்பு எழுந்து அணைக்கட்டுப் பக்கம் போனது, அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

எங்கள் தரப்பில் படகோட்டுவது இசக்கி ஒருத்திதான். அடுத்த மாதம், புரட்டாசி ஏழாம் தேதி, அவளுக்குப் பத்தொன்பது ஆக இருந்தது. பத்தொன்பது ஆனால் இளையோர் இல்லை. போட்டியின் கடைசி நாளான மறுநாள் மதியத்துக்குள் ஆறு வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். ஸ்லோவேனியப் பயிற்சியாளர் தங்கமான மனிதர், தன் ஆற்றைத் தருவதாகச் சொன்னார். இரவல் ஆறு செல்லாது.

"ஆத்தக் கூப்பிட்டீங்களா இல்லியா?" என்று போட்டிக் குழுத் தலைவர் பிச்சையா அண்ணாச்சியைக் கேட்டேன்.

"வீட்டு ஆளுக்கு யாராச்சும் பத்திரிகை வைப்பாகளா வாத்தியாரே? வாட்ஸப்ல அனுப்பிட்டேம்லா."

இந்த மனிதர் சொந்த மகள் கல்யாணத்திலேயே தாய்மாமனுக்கு இப்படிச் செய்துவிட்டு, தாலி கட்டும் நேரம் வரை அவர் வீட்டு வாசலில் கெஞ்சிக்கொண்டு நின்றவர்.

தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை. அண்ணாச்சி, நான், இசக்கி மூவரும் பஸ் ஏறினோம். ஆறு முதுகைக் காட்டிக்கொண்டு அணைக்கட்டு ஓரம் உட்கார்ந்திருந்தது. பத்திரிகையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் படித்தது.

"பிரேசில் ஆறு பேரு இருக்கு. ஜப்பான் ஆறு பேரு இருக்கு. எம் பேரு எங்க?"

அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அச்சில் விட்டுப்போன பெயரைப் பேனாவால் எழுதுவது போல ஒரு அவமரியாதை கிடையாது.

இசக்கிதான் பேசினாள். "அத்தை, இவங்க செஞ்சது தப்புதான். ஆனா பன்னெண்டு வயசுல என்னப் பத்து தடவ கவுத்துட்டு, பதினோராவது தடவ நிமித்திவிட்டது நீங்கதான? புரட்டாசி வந்துட்டா என்னச் சேக்க மாட்டாங்க. ஒரே ஒரு தடவ நம்மூர்ல, இத்தன பேர் முன்னால, உங்க மேல ஓட்டணும். ரொம்ப ஆசையா இருக்கு அத்தை."

ஆறு பத்திரிகையை மடித்து வைத்துக்கொண்டது. பிறகு, "சாப்பிட்டியா?" என்று கேட்டது. எனக்குப் போன உயிர் வந்தது. அண்ணாச்சி வாய்ப் பழக்கத்தில், "குடும்பத்தோட வந்துரணும்" என்று சொல்லிவைத்தார்.

மறுநாள் காலை ஆறு குடும்பத்தோடு வந்தது. இரண்டு ஓடைகள், ஒரு கால்வாய், கல்யாணமாகாத ஒரு குளம், பட்டு வேட்டி கட்டிய கடல். கடலுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டோம். பந்தியில் அந்த இலைக்கு உப்பு வைக்க வேண்டாம் என்று பரிமாறுகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

ஆறு படுகையில் இறங்கியது, இசக்கி அதன் மேல் இறங்கினாள். எட்டாம் கேட் வரை அவளை விட வேகமாக அந்தப் போட்டியில் யாரும் ஓட்டவில்லை. ஒன்பதாவதில், என் கண்ணெதிரே, சின்ன ஓடை "அக்கா" என்று குறுக்கே ஓடிவந்தது. அதன் மேல் ஏற்றிவிடாமல் இருக்க அவள் படகை வளைத்தாள். தோள் கம்பில் உரசியது. நான் பார்த்தேன், ஆறு பார்த்தது, வேறு யாரும் பார்க்கவில்லை. அட்டையில் இரண்டு என்று எழுதித் தூக்கிக் காட்டினேன். அந்த இரண்டு விநாடியில் ஜப்பான் பெண் முதலிடத்துக்குப் போனாள், இசக்கி இரண்டாவது.

படகைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து அழுதாள். "நீங்க போட்டது சரிதான் சார்" என்றாள். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

பந்தி முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பினார்கள். ஆளுக்கொரு தாம்பூலப் பை கொடுத்தேன். ஆறு பைக்குள் பார்த்துவிட்டு, "தேங்கா எங்கிட்டயே எவ்வளவோ மெதக்குது" என்று அதை எடுத்து மேசைமேல் வைத்தது. பிறகு சுவரில் தொங்கிய நாட்காட்டியிடம் போனது. புரட்டாசித் தாள்களை ஒன்றாம் தேதியிலிருந்து கடைசி வரை கிழித்து, மடித்து, பைக்குள் போட்டுக்கொண்டது. அண்ணாச்சி பையின் வாயை அகலப் பிடித்துக்கொண்டார்.

"வாரேன்" என்று இசக்கியிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனது.

ஆவணி கடைசி நாளுக்கு மறுநாள் ஐப்பசி ஒன்று. பெருமாள் கோயிலில் சனிக்கிழமைகளை ஐப்பசிக்கு மாற்றிக்கொண்டார்கள். கறிக்கடைக்காரருக்கு ஒரு மாதம் ஈயோட்டுகிற வேலை மிச்சம். இசக்கிக்குப் பதினெட்டு அப்படியே நிற்கிறது.

அடுத்த ஆவணியில் போட்டி ஜப்பானில். நேற்று ஆற்றை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போய்ப் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார வைத்தோம். அசையக் கூடாது என்றார் போட்டோக்காரர். "ஒரு நிமிஷம்தான் அத்தை" என்றாள் இசக்கி. ஆறு அசையாமல் இருந்தது.