நடுங்கும்போதே

அப்பாவைக் குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணீர் எடுக்கப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை. பந்தலில் கிடத்தியிருந்த அவரது காலருகே பாண்டிலட்சுமி சாம்பிராணி போட்டுவிட்டு நிமிர்ந்தாள். பந்தலுக்கு வெளியே ஒருவன் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு நின்றான்.

“சோலைச்சாமி சார் இருக்கா?”

“இருக்காரு, எழுப்பிப் பாரு,” என்றார் மாமா கண்ணுச்சாமி. “ஏலே, எழவு வீடுன்னு தெரியலையா?”

அவன் அப்போதுதான் உள்ளே பார்த்தான். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டான். பெயர் பிபின், ஜார்க்கண்டிலிருந்து நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனிக்கு வந்தவன்.

“காய்ச்சல் வந்தா நடுங்கும்போதே வா சொன்னாரு.”

அப்பா மலேரியா ஊழியர். வெளியூர்க்காரர் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைச் சின்னக் கண்ணாடித் துண்டில் தடவிச் சோதனைக்குக் கொண்டுபோவார். உலகத்திலேயே மலேரியா இல்லாமல் செய்யத் திட்டம் போட்டிருக்கிறார்கள் என்பார்.

“அந்தத் திட்டத்துல நம்ம நாரணாபுரமும் இருக்காப்பா?” என்று அவள் கேலி செய்வாள்.

பல வருடங்களாக அவர் தடவிய ஒன்றிலும் மலேரியா இல்லை. பிறகு எதற்கு என்று கேட்டால், “இல்லேன்னு சொல்றதுக்கும் பாத்துட்டுத்தானத்தா சொல்லணும்” என்பார்.

“ஆஸ்பத்திரிக்குப் போப்பா,” என்றார் மாமா.

“போனேன். ஞாயிறு, டெஸ்ட் இல்ல. எனக்கு ராத்திரி ஊருக்கு ரயில்.”

இவனுக்குள் அது இருக்கிறதா, இல்லையா? ரயிலேறிவிட்டால் யாருக்கும் தெரியாது. பாண்டிலட்சுமி அப்பாவின் பையை எடுத்தாள். அவரோடு போய்ப் பழகிய கைதான்.

“எழவு வீட்டுல ரத்தமா? ஆகாதுத்தா!”

“சும்மா இருண்ணே,” என்றாள் அம்மா. “அவரத் தேடி வந்த புள்ள. வெறுமன அனுப்புனா சாமிக்கே அடுக்காது.”

அவன் விரல் சுட்டது. குத்தினாள். ஒரு துளி துளிர்த்தது. தடவி, அப்பாவின் தலைமாட்டு ஸ்டூலில் கண்ணாடியைக் காயவைத்துவிட்டு, அவனுடைய போன் நம்பரை எழுதிக்கொண்டாள்.

“எனக்கு இருக்கா?” என்றான்.

“தெரியல. நாளைக்கு லேப்ல குடுத்திருவேன். நீ எங்கன இருந்தாலும் கூப்பிட்டுச் சொல்றேன்.”

ஈக்கள் வந்தன. உட்கார்ந்தால் ரத்தத்தைத் தின்றுவிடும். தெருமுனையில் நீர்மாலைச் சங்கு கேட்டது. அப்பாவின் முகத்துக்கு விசிறிக்கொண்டிருந்த அம்மா, தலையைத் திருப்பாமலே, விசிறியைக் கண்ணாடிப் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து வீசினாள்.