தலைகீழாக நின்றாலும்

எனக்குக் கோபம் மூக்கின் மேல் நிற்கும். அதைவிடப் பெரிய வியாதி வாய். போன மாதம் என் மனைவியின் பள்ளிக்கூடத்தில், நாலு டீச்சர்கள் முன்னால், அந்த வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அவள் வேலையிலிருந்து ஓய்வு பெறும் நாள் ஒரு வெள்ளிக்கிழமை. “அன்னைக்கு இவளை நம்ம பழைய கார்லதான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவேன்” என்று சொல்லிவிட்டேன். டீச்சர்கள் கைதட்டினார்கள். அவள் மட்டும் தட்டவில்லை.

தட்டாததற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரை உடைசலாக வாங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. “டீச்சர், இந்த வருஷம் கார்ல போறோம்” என்று பதினோரு தடவை சொல்லியிருக்கிறேன். தெருவில் எல்லோருக்கும் அவள் டீச்சர், எனக்கும்தான். ஒரு வருடம் கியர் பாக்ஸ் காலை வாரியது, ஒரு வருடம் வயரிங், ஒரு வருடம் எலி. அவள் முப்பத்து மூன்று வருடம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் சாக்குப்போக்கு கேட்டவள். என்னுடையதையும் அதே முகத்தோடு கேட்டுக்கொள்வாள். திட்டினால்கூடப் பரவாயில்லை, அந்த முகத்தைத்தான் என்னால் தாங்க முடியாது.

இந்தத் தடவை எல்லாம் சரியாகிவிட்டது, டர்போ ஒன்றைத் தவிர. என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற சாமான் அது. பெரிய நத்தை ஓடு மாதிரி இருக்கும். உள்ளே ஒரு தண்டும் இரண்டு சின்னச் சக்கரமும் சுற்றும். என் பிழைப்பே டர்போ ரிப்பேர்தான். ஊரார் லாரிகளுக்கெல்லாம் பார்க்கிறேன், என் காரின் டர்போ நீலப் புகை கக்கிக்கொண்டிருந்தது. தண்டைப் பிடித்து ஆட்டினால் பால் பல் மாதிரி ஆடியது. உள்ளே தண்டைத் தாங்குகிற புஷ்களை மாற்ற வேண்டும். அதற்கு அது என்ன மாடல் என்று தெரிய வேண்டும். மாடல் எழுதிய தகட்டை எந்தப் புண்ணியவானோ பிடுங்கிவிட்டான். ஆணி இருந்த ஓட்டை இரண்டுதான் மிச்சம்.

என் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. கழற்றிய சாமான் வண்டியில் எப்படி உட்கார்ந்திருந்ததோ அப்படியேதான் மேசையிலும் உட்கார வேண்டும். திருப்பி வைத்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அப்படியே வைத்து, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தேன். ஓட்டின் வளைவில் வார்ப்பு எழுத்து தெரிந்தது. பாதி அரித்துப் போயிருந்தாலும் ஒரு ஹெச்சும் அதை அடுத்து 98-ம் தெளிவாக இருந்தன. புத்தகத்தில் ஹெச் 98 இருந்தது. கேலிப்பரை எடுத்து ஒரு தடவை தண்டை அளந்து பார்த்திருக்கலாம். முப்பது வருட அனுபவம் எடுக்கவிடவில்லை. 98-க்கு உரிய புஷ் கிட் அனுப்பச் சொல்லி ஸ்பேர்ஸ் கடைக்குப் போன் போட்டேன்.

திங்கட்கிழமை காலை அவள் பையில் பஸ் பாஸைத் தேடிக்கொண்டிருந்தாள். அது வியாழனோடு முடிகிறது. வேலை முடிந்தாலும் கடைக்கும் கோயிலுக்கும் அவளுக்குப் பஸ்தான்.

“புதுசு எடுத்துட்டியா?” என்றேன்.

“என் பாஸ் என் கவலை. நீங்க உங்க டர்போவைப் பாருங்க.”

எடுத்திருப்பாள் என்று நினைத்தேன். என்னை நம்பி யார் பாஸ் எடுக்காமல் இருப்பார்கள்? நினைத்தபோது கொஞ்சம் வலித்தது.

செவ்வாய்க்கிழமை கிட் வந்தது. புஷ் தண்டில் ஏறவே இல்லை. எண்ணெய் போட்டேன், துடைத்தேன், மறுபடி எண்ணெய் போட்டேன். ம்ஹூம். ஸ்பேர்ஸ் கடைக்காரரைப் போனில் பிடித்து, தப்பான கிட்டை என் தலையில் கட்டிவிட்டதாகப் பிடிபிடியென்று பிடித்தேன். அவர் தங்கமான மனுஷர். “டப்பாவுல 98-னுதான் அண்ணே போட்டிருக்கு” என்று மட்டும் சொன்னார்.

புதன்கிழமை சாயங்காலம் டர்போவின் நத்தை ஓட்டை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்து, சாப்பாட்டு மேசையில் பேப்பர் விரித்து வைத்தேன். வண்டியில் இருந்த மாதிரியேதான். எதிரே உட்கார்ந்து அவள் கடைசிக் கட்டு நோட்டுப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

“இந்த எண்பத்தாறுதான் உங்களை இந்தப் பாடு படுத்துதா?” என்றாள், நிமிராமலே.

“எண்பத்தாறு இல்ல, தொண்ணூத்தெட்டு.”

“எண்பத்தாறுங்க.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “டர்போவைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்காதே டீச்சர். நீ தலைகீழா நின்னாலும் அது எண்பத்தாறு ஆகாது!”

அவள் சிவப்புப் பேனாவை மூடினாள். “நான் எதுக்கு நிக்கணும்? நீங்க எழுந்து இந்தப் பக்கம் வாங்க.”

அவள் நாற்காலியைக் காலி செய்தாள். நான் போய் உட்கார்ந்தேன். 86. அதை அடுத்து ஹெச். அந்த ஹெச் பொல்லாதது. நிமிர்த்தினாலும் கவிழ்த்தாலும் அதற்கு ஒரே முகம்.

“பிள்ளைங்க பெஞ்சுக்கு எதிர்ல நின்னுதானே நோட்டைப் பார்க்கிறேன்,” என்றாள். “எது நேர், எது தலைகீழ்னு எனக்குப் பார்த்ததும் தெரியும். அந்த எட்டைப் பாருங்க, கீழ் வயிறுதான் பெருத்திருக்கு. உங்க பக்கம் இருந்து பார்த்தா மேல் வயிறுல்ல பெருசாத் தெரியும்?”

எனக்கு முன்னால் எவனோ, ஹோஸ் குழாய் எட்டவில்லை என்று போல்ட்டைத் தளர்த்தி அந்த நத்தை ஓட்டையே அரைச் சுற்றுத் திருப்பிப் பூட்டியிருக்கிறான். அவன் தலைகீழாக வைத்ததை என் சட்டப்படி நானும் பயபக்தியோடு தலைகீழாகவே வைத்திருக்கிறேன். என் பைக்குள்ளிருந்து கேலிப்பரை எடுத்தேன். பட்டறைக்கு ஓடித் தண்டை அளந்தால், புத்தகத்தில் 86 ஹெச்சுக்குப் போட்ட அளவு அச்சாக நின்றது. கடைக்காரருக்குப் போன் செய்து, அசடு வழிய நடந்ததைச் சொன்னேன்.

“86 இருக்குண்ணே, காலைல தரேன்,” என்றவர் கொஞ்சம் நிறுத்தி, “நேத்து என்னைத் திட்டினீங்களே, அது நேராவா, தலைகீழாவா?” என்று கேட்டார். மன்னிப்புக் கேட்டேன்.

வியாழன் முழுவதும் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்த்தேன். இந்தத் தடவை புஷ் தண்டில் வெண்ணெய் மாதிரி ஏறியது. சக்கரத்தையும் தண்டையும் கழற்றும்போது போட்ட புள்ளிகளை நேருக்கு நேர் சேர்த்தேன். அது பிசகினால் சுற்றும்போது ஆட்டம் கண்டு எல்லாம் போய்விடும். மூடுவதற்கு முன் எண்ணெய் ஊற்றி, சக்கரத்தை விரலால் லேசாகத் தட்டினேன். சத்தமே இல்லாமல் சுற்றி, சாவகாசமாக நின்றது. எவ்வளவு நாளாயிற்று இப்படிச் சந்தோஷப்பட்டு! தனியாக நின்று சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை அவள் தங்கை ஸ்கூட்டரில் வந்து அவளைக் கூட்டிப் போனாள். கடைசி நாள், கையில் சுமை அதிகம் என்றார்கள். நான் டர்போவைப் பூட்டினேன். மதியம் சாவியைத் திருப்பினேன். புகை இல்லை. மேட்டில் ஏறும்போது டர்போ மெல்லிசாக விசில் அடித்தது. பயத்தில் நடுநடுவே கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே போனேன். அப்போதும் புகை இல்லை.

பள்ளிக்கூட வாசலில் அதே நாலு டீச்சர்கள் நின்றார்கள். அவள் பூங்கொத்து, பை, பரிசுப் பொட்டலம் எல்லாவற்றோடும் வந்து ஏறினாள். இந்தத் தடவை அவளும் கைதட்டினாள், கார் கதவின் மேல், இரண்டு தட்டு. எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் சிக்னலில் கைக்குட்டை எடுக்கப் பையைத் திறந்தாள். பஸ் பாஸ் கியர் பக்கத்தில் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். நேற்றோடு முடிந்திருந்தது.

“புதுசு எங்க?”

“எடுக்கல.”

“ஏன்?”

“திங்கக்கிழமையே வேண்டாம்னு விட்டுட்டேன்.”

திங்கட்கிழமை என்றால் நான் இன்னும் 98-ஐயே நம்பிக்கொண்டிருந்த நாள். “அப்போ நான் வரலேன்னா எப்படி வீட்டுக்கு வந்திருப்பே?”

அவள் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “நீங்க தலைகீழா நின்னாவது வந்திருப்பீங்க.”

சிக்னல் பச்சைக்கு மாறிவிட்டது போல. பின்னால் ஹாரன் அடித்தார்கள். எனக்குத்தான் விளக்கு கலங்கலாகத் தெரிந்தது.