தெருவைத் தாண்டிய ரிமோட்

“என் வீட்டு ஜன்னல்ல நின்னு ரிமோட்டை அமுக்கினா, எதிர்வீட்டு டிவி எழுந்து நின்னு எனக்கு சலாம் வைக்குது பாய்!”

ஆம்பூர் பஜாரில் டிவி கடை வைத்திருந்த அப்துல் கரீமிடம் ஆபேல் இப்படிச் சொன்னபோது கடையில் ஆறு பேர் இருந்தார்கள். ஐந்து பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆறாவது ஆளின் வாயில் சமோசா இருந்தது.

கரீம் மட்டும் தொழில்காரருக்குரிய இரக்கத்தோடு பார்த்தார். “மேஸ்திரி, இருபது வருஷமா இதே வேலைதான் பண்றேன். ரிமோட்டு பத்தடி போறதுக்குள்ள அதுக்கு மூச்சு வாங்கும். அது தெருவைத் தாண்டி, ரெண்டு ஜன்னலைத் தாண்டி... வெயில் ஜாஸ்தியா இருக்கு. ஒரு மோர் குடிச்சிட்டு வீட்டுக்குப் போங்க.”

ஆபேல் கோபித்துக்கொள்ளவில்லை. ஜெயித்துக்கொண்டிருக்கிறவனுக்குக் கோபம் எதற்கு? ஆனால் அந்த ரிமோட் அவர் கைக்கு வந்த கதை, முழுக்க முழுக்க வயிற்றெரிச்சலில் வெந்த கதை.

இரண்டாயிரத்து எட்டாம் வருடம், ஏப்ரல் மாதம். எதிர்வீட்டு ஜெஸ்டன் தன் மொட்டை மாடியில் ஒன்றல்ல, இரண்டல்ல, மூன்று டிஷ்களைப் பொருத்தினார். ஜெஸ்டன் வேறு யாருமல்ல, ஆபேலின் மனைவி பொன்மலருடைய தங்கை பிரிஸ்கில்லாவின் கணவர். இருவரும் ஒரே ஷூ கம்பெனியில் ஓய்வு பெற்றவர்கள். ஆபேல் தோலைத் தரம் பிரிக்கும் மேஸ்திரியாக, ஜெஸ்டன் ஏசி அறையில் மேனேஜராக.

“ஆளுக்கொரு டிவி, டிவிக்கொரு பெட்டி. அப்பதான் வீட்ல சண்டை இல்ல அண்ணே” என்று ஜெஸ்டன் மாடியிலிருந்து சொன்னார். மேலேயிருந்து சொன்னதுதான் ஆபேலுக்கு ஜீரணமாகவில்லை. அன்று அவர் வயிற்றில் எரிந்த எரிச்சலுக்கு, இரண்டு லாரி ஈரத்தோலைப் பக்கத்தில் வைத்திருந்தால் பொழுது சாய்வதற்குள் காய்ந்திருக்கும்.

ஆபேல் வீட்டிலும் மூன்று டிவி உண்டு. கேபிள்காரர் புண்ணியத்தில் மூன்றிலும் மழை பெய்துகொண்டிருந்தது. மே மாத லீவுக்கு பெங்களூரிலிருந்து மகள் இவாஞ்சலின் பிள்ளைகளோடு வருவாள். போன தடவையே பேத்தி டிவியைப் பார்த்துவிட்டு, “தாத்தா, இவங்களுக்கெல்லாம் குளிராதா?” என்று கேட்டிருந்தாள். இந்த வருடம் அவர்கள் எந்த வீட்டில் தங்குவார்கள் என்று நினைத்தாலே ஆபேலுக்குச் சோறு இறங்கவில்லை.

நேரே கரீம் கடைக்குப் போனார். கரீம் ஐந்தாறு செட்டாப் பெட்டிகளை எடுத்து வைத்தார். ஆபேல் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கட்டைவிரலால் மேல்புறத்தை அழுத்தி நீவினார். முகர்ந்தார். மடக்க முடியாததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

“இது ஃபர்ஸ்ட். இது செகண்ட். இது உண்ணி கடிச்ச தோல் மாதிரி புள்ளி புள்ளியா இருக்கு, ரிஜெக்ட்.”

“அது காத்து போற ஓட்டை மேஸ்திரி.”

“எனக்கே தோலைப் பத்திச் சொல்றியா?”

கரீம் பொறுமைசாலி. “மூணு பெட்டி வாங்கினா மாசா மாசம் மூணு பேருக்குச் சோறு போடற மாதிரி. உங்க பென்ஷன் தாங்காது. ஒரு பெட்டி போதும். அதுலேர்ந்து வயர் பிரிச்சு மூணு ரூமுக்கும் விட்டுடலாம். இந்தக் கம்பெனி எடுங்க, விலை கம்மி, படம் நல்லா இருக்கும்.”

“எதிர்வீட்ல இன்னா கம்பெனி?”

கரீம் சொன்னார்.

“அதேதான் வேணும். அதே பெட்டி, அதே கலர், அதே ரிமோட். ஒரு மயிரிழை குறைஞ்சாலும் வேணாம்.”

“சரி. ஆனா ஒண்ணு. மூணு டிவியிலயும் படம் வரும். மூணுலயும் ஒரே படம்தான் வரும்.”

ஆபேலின் காதில் முதல் பாதி மட்டுமே ஏறியது.

இரண்டாம் பாதி, இவாஞ்சலின் வந்திறங்கிய அன்று சாயங்காலம் ஏறியது. பேத்தி உள்ளறையில் கார்ட்டூன் வைத்தால் ஹாலில் கார்ட்டூன், பின்னறையில் கார்ட்டூன். பேரன் கிரிக்கெட் வைத்தால் பொன்மலரின் சீரியலில் மாமியார் அழ ஆரம்பித்த இடத்தில் யாரோ சிக்ஸர் அடித்தார்கள். வீட்டில் நடந்த கூச்சல் பள்ளிகொண்டா வரை கேட்டிருக்கும்.

மறுநாள் காலை பிரிஸ்கில்லா வாசலுக்கு வந்து தேனாக அழைத்தாள். “இவா, பசங்களைக் கூட்டிட்டு இங்க வந்துடும்மா. ஆளுக்கொரு டிவி இருக்குது. சித்தப்பா ஆசையா கூப்பிடறாரு.”

பிள்ளைகள் தலையணையோடு தெருவைக் கடந்தார்கள். இவாஞ்சலின் பையோடு கடந்தாள். பொன்மலர் சீரியலுக்காகத் தினமும் ஆறரை மணிக்குக் கடந்தாள்.

“நீங்களும் வாங்களேன்” என்று அவள் கூப்பிட்டும் ஆபேல் போகவில்லை. தனியாக உட்கார்ந்திருந்தார். மூன்று அறைகளிலும் ஒரே செய்தியாளர் அவரைப் பார்த்து ஒரே செய்தியை வாசித்தார். எதிர்வீட்டு ஹாலில் தன் பேத்தி ஜெஸ்டனின் மடியில் சாய்ந்திருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அது செய்தியைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

வெறுத்துப்போய் ஜன்னலோரம் நின்றவர், ரிமோட்டை எந்தப் பக்கம் நீட்டுகிறோம் என்றுகூடப் பார்க்காமல் அணைக்கும் பொத்தானை அமுக்கினார்.

அவர் டிவி அணையவில்லை. எதிர்வீட்டு டிவி அணைந்தது.

மே மாத வெக்கையில் இரண்டு வீட்டு ஜன்னல்களும் விரியத் திறந்திருந்தன. தெருவோ, எதிரெதிரே இரண்டு சைக்கிள் வந்தால் ஒன்று வாய்க்காலில் இறங்கவேண்டிய தெரு. ஒரே கம்பெனிப் பெட்டி, ஒரே ரிமோட்; ஜெஸ்டனின் மூன்று பெட்டிகளும் தெருப்பக்க ஜன்னல்களைப் பார்த்தே உட்கார்ந்திருந்தன. ஆபேலின் பெட்டி தெருவுக்கு முதுகைக் காட்டியிருந்ததால் எதிர்த்தாக்குதலுக்கும் வழியில்லை.

அடுத்த நான்கு நாட்கள் ஆபேலுக்கு அறுபது வயது குறைந்து ஒரு வயதாகிவிட்டது. கார்ட்டூனில் பூனை ஓடும்போது உரம் போடும் முறை வந்தது. கல்யாணக் காட்சியில் தாலி கட்டும் நேரம் பார்த்துப் பங்குச் சந்தை வந்தது. ஜெஸ்டன் பேட்டரி மாற்றினார், வயர் மாற்றினார், மாடியேறி டிஷ்ஷின் மேல் உட்கார்ந்திருந்த காக்கையைத் திட்டிவிட்டு வந்தார். பிரிஸ்கில்லா ஜெபக்கூட்டத்தில் விசேஷ விண்ணப்பம் வைத்தாள். கரீம் இரண்டு முறை வந்து பார்த்து, பெட்டியையே மாற்றிக்கொடுத்தார். இவ்வளவையும் யாரிடமாவது சொல்லாவிட்டால் வயிறு வெடித்துவிடும் என்றுதான் ஆபேல் ஐந்தாம் நாள் கடைக்கே போய்ச் சொன்னது, மோர் குடிக்கச் சொல்லி கரீமிடம் புத்திமதி வாங்கிக்கொண்டது எல்லாம்.

அன்று சாயங்காலமே மூன்றாவது முறையாக கரீமை அழைத்தார் ஜெஸ்டன். கரீம் ஸ்க்ரூ டிரைவரோடு அந்த ஹாலில் உட்கார்ந்தார். பேத்தி கார்ட்டூன் வைத்தாள். மாறியது. கிரிக்கெட். மாறியது. மாட்டு வைத்தியம்.

“பாத்தீங்களா பாய்? பேஜாரு!” என்றார் ஜெஸ்டன்.

கரீம் யோசித்தார். பிறகு பெட்டியின் முகத்தை உள்ளங்கையால் மூடினார். மாட்டு வைத்தியம் அப்படியே நின்றது. கையை எடுத்தார். சமையல் வந்தது. மூடினார், நின்றது. எடுத்தார், மாறியது. மெதுவாக, மிக மெதுவாக, கழுத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார். அவர் பார்த்த திசையில் எல்லோரும் பார்த்தார்கள்.

எதிர் ஜன்னலில் பனியனோடு ஆபேல். கம்பிக்கு வெளியே நீட்டிய கையில் ரிமோட். குறி தப்பக்கூடாதென்று நாக்கைப் பல்லிடுக்கில் கடித்திருந்தார்.

“அண்ணே!” ஜெஸ்டனின் குரல் கீச்சிட்டது. “இன்னா அண்ணே இது?”

“ஒண்ணுமில்ல தம்பி. உன் வீட்டு டிவிக்கு நான் ஒத்தாசை பண்றேன்.”

“ஏங்க, வெக்கமா இல்ல?” என்று பொன்மலர் கத்தினாள். “நாலு நாளா அந்தப் பொண்ணுக்குத் தாலி ஏறல!”

ஆபேல் தலை குனிந்தார். தோற்றுப்போனோம், இனி பிள்ளைகள் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார்கள் என்று நினைத்தார். ஆனால் பேத்தி சோபாவிலிருந்து துள்ளி இறங்கினாள்.

“தாத்தா! நானு! நான் அமுக்கறேன்!”

“நான்தான் ஃபர்ஸ்ட்டு!” என்று பேரன் அவளைத் தள்ளிவிட்டு ஓடினான். தலையணைகள் இரண்டும் தெருவைத் திரும்பக் கடந்தன. சொந்த வீட்டு டிவி பார்ப்பதில் என்ன இருக்கிறது? எதிர்வீட்டு டிவியை ஆட்டிவைக்கும் சுகம் எந்தக் கம்பெனியின் பெட்டியிலும் வராதே!

இவாஞ்சலின் சிரிப்பை அடக்கமுடியாமல் பையை எடுத்தாள். “இனிமே இதுங்க இங்க தங்காது சித்தி. நான் போய்ப் பாத்துக்கறேன்.”

ஹாலில் திடீரென்று நிறைய இடம் காலியாக இருந்தது. ஜெஸ்டன் எதிர் ஜன்னலையே பார்த்தார். அங்கே ஆபேலின் இரண்டு தோளிலும் இரண்டு பிள்ளைகள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். ஜெஸ்டன் கரீம் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தார்.

“பாய், இங்கேர்ந்து அமுக்கினா அவர் வீட்ல மாறுமா?”

“மாறாது சார். அது அந்தப் பக்கம் திரும்பி இருக்குது.”

“திருப்பி வெக்க முடியாதா?”

கரீம் பதில் சொல்லுமுன் எதிர் ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

“பாய்! ரிமோட்டுக்கு மூச்சு வாங்குதா?”

கரீம் ஜன்னலுக்கு வந்தார். தெருவைப் பார்த்தார். இந்தக் கம்பியிலிருந்து அந்தக் கம்பி வரை கண்ணால் அளந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் டிவி மறுபடியும் ஒருமுறை மாறியது.

“நடந்துச்சு மேஸ்திரி” என்றார். “என் கண்ணால பாத்துட்டேன். நடந்துச்சு.”