காய்ந்த டயப்பர்

சலவைக்கூடத்தில் அவள் கைக்குத் தனி மரியாதை. விடுதிகளிலிருந்து வரும் விரிப்பு மூட்டையை ஒரு தூக்குத் தூக்கினால் போதும், தராசுக்கு முன்னாலேயே எடை சொல்லிவிடுவாள். "எடை மெஷினைத் தூக்கிக் கடாசிட்டு அக்காவையே மாட்டி வெச்சுடலாம்" என்று கூட வேலை செய்பவர்கள் கேலி பேசுவார்கள். ரத்தக் கறை என்றால் பச்சைத் தண்ணீர்; அதுவும் உடனே. வெந்நீர் பட்டால் கறை துணியை விடாது. இதையெல்லாம் அவள் யோசித்துச் செய்வதில்லை. கண் பார்க்கும், கை அலசிவிடும்.

அந்தக் கைகள் இப்போது குழந்தைகள் வார்டில், கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றன. கட்டிலில் அவளுடைய இரண்டு வயது மகள். வீட்டில் எல்லோருக்கும் அவள் வாலு. ஊசி என்றால் நான்கு பேர் அமுக்கிப் பிடிக்க வேண்டும். இன்றைக்கு நர்ஸ் மூன்று இடத்தில் குத்தி நரம்பு தேடினாள். வாலு முனகக்கூட இல்லை. முகம் சுண்ணாம்பாக வெளுத்து, இமை இரண்டும் வீங்கிக் கிடந்தன.

"வயித்தால போனப்ப ரத்தம் கலந்து போச்சா?" என்று டாக்டரம்மா கேட்டார். "கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனா?"

"ரத்தமெல்லாம் இல்லீங்க" என்று புருஷன் முந்திக்கொண்டான். லாரியில் மூட்டை ஏற்றுகிறவன். விடிவதற்குள் வேலைக்குக் கிளம்பிவிடுபவன். "காலையில கூட நல்லாப் போனாளே."

அவனுக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளையைச் சரியாகப் பார்க்கவில்லை என்று பெரிய படிப்புப் படித்தவர்கள் வாயால் கேட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான். டாக்டரம்மா சலைன் பாட்டிலைப் பார்த்தபடி நர்ஸிடம், "வேகத்தைக் கூட்டும்மா. தண்ணி வத்திப்போயிருக்கு" என்றார்.

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். இப்போது சொன்னால் அவன் முன்னால்தான் சொல்ல வேண்டும்.

"அவருக்குத் தெரியாதுங்க" என்றாள். "ரத்தம் போச்சு. அஞ்சு நாளைக்கு முன்ன. அவ படுத்திருந்த துணியில இருந்துச்சு. நான் பச்சத் தண்ணியில அலசிட்டேன்."

"யார்கிட்டயும் காட்டலையா?"

"அலசி முடிச்ச பிறகுதான் அது என் புள்ள ரத்தம்னே உறைச்சுது. வேலைக்கு லீவு கிடையாது. வயித்தால போறது நிக்கட்டும்னு இவருக்கு அதுக்குன்னு வாங்கின மாத்திரையில பாதிய நுணுக்கிக் குடுத்தேன். நின்னுடுச்சு. முந்தாநாள் சாயங்காலத்துலேர்ந்து ஒண்ணுக்குப் போகல. டயப்பரத் தூக்கினா கட்டினப்ப இருந்த கனம்தான் இருந்துச்சு. என் கைக்குத் தெரியும். வயிறு சரியாயிடுச்சு, என் தங்கம் சமத்துன்னு கொஞ்சினேன்."

"சலைன நிறுத்தும்மா" என்றார் டாக்டரம்மா. குரல் உயரவில்லை, ஆனால் நர்ஸ் ஓடினாள். "ஒண்ணுக்கே போகாத புள்ளைக்கு இத வேகமா ஏத்தினா தண்ணி நுரையீரல்ல போய் நிக்கும். வயித்துக்குள்ள போன கிருமியோட விஷம் ரத்தத்துல ஏறியிருக்கும்மா. ரத்த அணுவ உடைக்குது, கிட்னிய அடைக்குது. டயாலிசிஸ் பண்ணணும்."

"மாத்திரையாலயா?"

"வேகாத கறி, அழுக்குத் தண்ணி, எதுலேர்ந்து வந்துச்சோ. மாத்திரைதான் காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா குடுத்திருக்கக் கூடாது. வெளிய போக வேண்டியத உள்ளயே நிறுத்தியிருக்கும்."

தாழ்வாரத்தில் அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். "ரத்தத்தப் பாத்துட்டு அலசினியா? அலசினியாடி?"

"நீங்க ஏன் காலையில போனாளேன்னு சொன்னீங்க?"

அவன் போய்த் தனியாக உட்கார்ந்தான். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சே இல்லை.

வாலுவின் வயிற்றில் குழாய் சொருகினார்கள். பையிலிருந்து மருந்துத் தண்ணீர் உள்ளே போகும், கழிவை வாரிக்கொண்டு வெளியே வரும். இரண்டு முறை ரத்தம் ஏற்றினார்கள். கழற்றுகிற டயப்பரையெல்லாம் நர்ஸ் சின்னத் தராசில் வைத்து, காய்ந்த எடையைக் கழித்துத் தாளில் எழுதுவாள். சைபர். மறுநாளும் சைபர். நர்ஸ் வைப்பதற்கு முன்பே அவள் கைக்குத் தெரிந்துவிடும். அந்தக் கையை வெட்டிப் போட்டால் தேவலை என்றிருந்தது. அவன் வாசலில் நின்று தாடையை உயர்த்திக் கேட்பான், நர்ஸ் இல்லை என்று தலையை ஆட்டுவாள், போய்விடுவான். ஆறு நாள் இப்படியே.

ஏழாம் நாள் மதியம் டயப்பரைக் கழற்றியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னக்கா?" என்றாள் நர்ஸ்.

"நீங்களே போட்டுப் பாருங்க சிஸ்டர்."

நர்ஸ் தராசைப் பார்த்தாள். டயப்பரை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தாள். "பன்னெண்டு கிராம் கூட. ஒண்ணுக்குத்தான்."

அவன் கட்டிலருகே வந்திருந்தான். "போதுமா சிஸ்டர்?"

"எங்க போதும் அண்ணே? டயாலிசிஸ் இன்னிக்கும் உண்டு, நாளைக்கும் உண்டு. கிட்னி முழுசாத் திரும்புமான்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது."

"அப்புறம் என்னத்துக்கு எழுதறீங்க?"

"நேத்து இது கூட இல்லையே."

அவன் கையை நீட்டி டயப்பரை வாங்கினான். மூட்டை தூக்கிக் காய்த்துப்போன உள்ளங்கையில் அதை வைத்து ஏற்றி இறக்கிப் பார்த்தான்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றான், அவளைப் பார்த்து.

"உங்களுக்குத் தெரியாது."

அவள் சிரிக்கவில்லை. காய்ந்த டயப்பரைத் தூக்கி ஒரு தடவை சந்தோஷப்பட்டு ஆகிவிட்டது. புது டயப்பரைப் பிரித்து, அதன் காய்ந்த கனத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, பிறகு மகளுக்குக் கட்டினாள்.